சுவரில் ஓடும் வெசந்தர கதை

கண்டிக்கு அருகே, அமுனுகமவில் இருக்கிறது தெகல்தொருவ குகை விகாரை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன் (1747–1782) காலத்தில் இதைக் குடையத் தொடங்கினார்கள். பௌத்த வீடுகளில் பிள்ளைகள் கேட்டு வளரும், புத்தரின் முற்பிறப்புக் கதையான வெசந்தர ஜாதகம் அதன் சுவரில் நீண்ட பட்டிகளாக ஓடுகிறது. கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்த இளவரசன், நாட்டின் வெள்ளை யானையையும் தானம் செய்துவிட்டுக் காடு போகிறான். அங்கே பெற்ற பிள்ளைகளையே யாசகன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுகிறான். பயந்த பிள்ளைகள் தாமரைக் குளத்தில் ஒளிகிறார்கள். கேட்கும் பிள்ளைகள் கலங்கும் இடம் அதுதான்!

பாளி மொழியில் இருந்த இந்தக் கதை 14ஆம் நூற்றாண்டில் சிங்கள உரைநடைக்கு வந்தது. பிறகு தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே முதலிய ஓவியர்கள் அதைச் சிவப்புப் பின்னணியில் வரைந்தார்கள். கதை வட இந்தியாவில் நடந்தாலென்ன? மாந்தர் உடுத்தியிருப்பது கண்டிக்கால உடை! ஒரே இளவரசன் பட்டி நெடுகத் திரும்பத் திரும்ப வருவான். குழம்ப வேண்டாம், கதை நகர்கிறது என்று அர்த்தம். பின்னாளில் பேராதனைப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர இதே கதையை மேடை நாடகமாக்கினார்.

தெகல்தொருவ போனால் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். சுவரைப் பார்த்து அவர்களே கதை சொல்லட்டும்.