முத்திரையின் விலையும் முன்னறிவிப்பும்

கடிதம் எழுதுவோர் அருகிவிட்டனர் என்பார்கள். ஆயினும், கண்டிப் புகையிரத நிலையத்துக்கு அருகிலுள்ள தபாற் கந்தோரினுள் ஒரு காலை வேளையில் நுழைந்து பார்ப்பவர் அவ்வாறு சொல்லத் துணியார். உத்தியோகத்துக்கு விண்ணப்பம் அனுப்பும் இளைஞரும், சான்றிதழைப் பதிவுத் தபாலிற் சேர்க்க வந்த தாய்மாரும் அங்கே வரிசையில் நிற்பர். முத்திரையின் விலை அவர்களுக்குச் சிறு விடயமன்று.

2022 ஆகஸ்ட் 15ஆந் திகதி முதல், உள்நாட்டுச் சாதாரண கடிதத்தின் குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாயிற்று. நாடு பொருளாதார நெருக்கடியில் அமிழ்ந்திருந்த ஆண்டு அது. எல்லாம் ஏறும்போது தபால் மட்டும் ஏறாதிருக்குமோ? ஆகவே உயர்வைக் குறித்து நாம் வழக்காடவில்லை. உயர்வு வருகிறதென்னும் செய்தி யாரை, எப்பொழுது, எம்மொழியிற் சென்றடைய வேண்டும் என்பதே நம் வினா.

வர்த்தமானியில் வெளியான அறிவித்தலை நாட்டார் அனைவரும் அறிந்துகொண்டதாகச் சட்டம் கருதுகிறது. கலகாவிலும் புசல்லாவையிலும் தோட்ட லயங்களில் வாழ்வோர் வர்த்தமானி வாசிப்பவரா? முத்திரைக்கு வேறொரு விசித்திர இயல்பும் உண்டு. அரிசியின் விலையேற்றத்தை வாங்குபவர் கடையிலேயே அறிகிறார். முத்திரையோ முன்னரே வாங்கி வீட்டுப் பெட்டியில் வைக்கப்படுவது. பழைய விலைக்கு ஒட்டி அனுப்பினால், குறைந்த தொகையின் இருமடங்கைப் பெறுபவரிடம் அறவிடுவது தபால்துறையின் நெடுநாள் வழக்கம். அறியாது ஒட்டியவர் ஒருவர். தண்டம் இறுப்பவர் மற்றொருவர்!

பெறுபவரிடம் காசு கேட்கும் முறையை ஒழிக்கவே 1840இல், றோலண்ட் ஹில்லின் முயற்சியால், இங்கிலாந்தில் முத்திரை பிறந்தது. 1857இல் அது இலங்கைக்கும் வந்தது. உரிய அறிவிப்பில்லாத உயர்வு நம்மை அப்பழைய முறைக்கே திருப்பிவிடுகின்றது.

1953ஆம் ஆண்டை மூத்தோர் மறந்திரார். ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உடன் ஏறின. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். கோபத்தின் வேர் அரிசியே. எனினும், சுமைகள் ஒன்றன்மேலொன்றாய்ச் சேரும்போது சிறிய சுமையும் கனக்கும் என்பதற்கு அவ்வாண்டு சான்று.

செய்யவேண்டியது அரியதன்று. உயர்வுக்கு ஒரு மாதம் முன்னரே, ஒவ்வோர் உபதபாற் கந்தோரிலும், பாடசாலையிலும், தோட்டக் காரியாலயத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் ஒட்டப்படட்டும். உயர்வுக்குப் பின் ஒரு மாதமேனும், பழைய கட்டணத்தில் வரும் கடிதங்கள் தண்டமின்றிப் போகட்டும். ஆசிரியர்கள் காலைக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால், அது மாலைக்குள் நூறு வீடுகளை எட்டும்.

செய்திகளை ஊரெங்கும் சுமந்து செல்வதே தபாலின் தொழில். தன் சொந்தச் செய்தியை உரிய காலத்திற் சேர்ப்பிக்க அதனால் இயலாதா?