நெல்லைக்கே அல்வா!

ஊருக்கெல்லாம் அல்வா கொடுப்பது திருநெல்வேலி. அந்த ஜில்லாவுக்கே ஒரு வைரஸ் அல்வா கொடுக்கப் பார்த்தது தெரியுமா சார்?

இடம்: கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 அக்டோபர் கடைசியில் 'அங்கே வைரஸாம்லா!' என்று செய்தி பரவியது. 29-ம் தேதி நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. 'கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர்கள் தனி. வெளி நெட்வொர்க்கோடு தொடர்பே கிடையாது. தாக்குதல் சாத்தியமில்லை!'

மறுநாளே மேலிடமான இந்திய அணுமின் கழகம், 'வைரஸ் வந்தது வாஸ்தவம்தான்' என்றது. மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் சொல்லிவிட்டதாம்!

புகுந்தது அணு உலையில் இல்லை. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில். வைரஸின் பெயர் 'டிட்ராக்'. நாம் தட்டும் எழுத்து, பார்த்த வெப்சைட், ஃபைல் பட்டியல் எல்லாவற்றையும் திண்ணைப் பாட்டி மாதிரி வேவு பார்க்கிற ரகம்.

'அதான் ரெண்டும் தனித்தனியாச்சே' என்று காலை நீட்டிப் படுத்துவிட முடியாது அண்ணாச்சி. ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைப் பதம் பார்த்து, 2010-ல் அம்பலமான 'ஸ்டக்ஸ்நெட்', பென்டிரைவிலேயே சவாரி செய்யக்கூடியது. ஒயர் இல்லாத இடத்துக்கும் மனுஷன் கை போகுமே!

ஆகவே, ஆபீஸ் நண்பர்களே... மானிட்டரில் ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டு சீட்டை முதலில் கிழியுங்கள். 'கண்ட பென்டிரைவைச் செருகாதீங்க' என்று சிஸ்டம் அட்மின் கத்தினால் முறைக்காதீர்கள். உலைக்குக் காவல் மதில் சுவர் மட்டுமல்ல, அந்தக் கத்தலும்தான்.

யார் கொடுத்தாலும் அல்வாவை வாங்கலாம். பென்டிரைவை மட்டும் வாங்காதீங்க!