சிவப்பு லைட் எரிந்தால் ரீஸ்டார்ட் செய்து பயனில்லை... ஏன்? ஃபைபர் பாக்ஸுக்குள் இருக்கும் சிப் செய்யும் வேலை இதுதான்!

போன வாரம் சேலையூரில் நான் தங்கியிருக்கும் வீட்டில் ஆபீஸ் மீட்டிங் நடுவே நெட் போயிடுச்சு. பாக்ஸில் 'எல்ஓஎஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு. கஸ்டமர் கேர் சொன்னபடி நாலு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தேன். ம்ஹூம்! தெருமுனையில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை வெட்டியிருந்தார்கள். அந்த விளக்குக்கு அர்த்தமே 'ஒளி வரவில்லை' என்பதுதான். ஒளியே வராதபோது பாக்ஸ் பாவம் என்ன செய்யும்?

ஒளி வந்தால் செய்வதற்கு வேலை நிறைய. உங்கள் வீட்டு ஃபைபர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கரன்ட்டே தேவைப்படாத 'ஸ்ப்ளிட்டர்' என்ற சின்னக் கருவி, ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. இங்கே பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், விநாடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் டவுன்லோடை இத்தனை வீடுகளும் பங்கு போடுகின்றன. பக்கத்து வீட்டு டேட்டாவும் உங்கள் பாக்ஸ் வரை வரும். சிப் நமக்கானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றவை பூட்டிய கடிதம் மாதிரி, என்கிரிப்ட் ஆகியிருக்கும்.

அப்லோடுதான் சிக்கலே. எல்லா வீட்டு லேசரும் ஒரே நேரத்தில் அடித்தால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் ரேஷன் கடை மாதிரி டோக்கன் முறை. 1 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஒளி போய்த் திரும்ப 10 மைக்ரோசெகண்ட் கூடுதலாகும். அதற்குள் 12,000 பிட்டுகளை அனுப்பிவிடலாம் என்பதால், ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் அளந்து, எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று சிப்புக்குச் சொல்கிறது எக்ஸ்சேஞ்ச். ஒரு வீட்டு பாக்ஸ் பழுதாகி லேசரை விடாமல் அடித்தால், அந்த இழையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நெட் காலி!

கரன்ட் போனால்கூட பல பாக்ஸ்கள் கடைசி நொடியில் 'எனக்கு மின்சாரம் போச்சு' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணைகின்றன. இதற்கு 'டையிங் காஸ்ப்', அதாவது கடைசி மூச்சு என்று பெயர். கேபிள் அறுந்ததா, பவர் கட்டா என்று கம்பெனிக்குத் தெரிவது இப்படித்தான்.

இந்த சிப்களைத் தயாரிக்கும் பெரிய பெயர்கள் அமெரிக்காவின் பிராட்காம், தைவானின் மீடியாடெக், ரியல்டெக். நம்ம அரசு நிறுவனமான சி-டாட் சொந்தமாக ஜிபான் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. ஆனால் சிப் விஷயத்தில் இன்னும் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். மொத்த வீட்டு டிராஃபிக்கும் இதன் வழியாகப் போவதால் இது பாதுகாப்பு விவகாரமும்கூட. 2021 ஜூன் 15 முதல், 'நம்பகமான' இடங்களிலிருந்துதான் டெலிகாம் நிறுவனங்கள் புதிய நெட்வொர்க் கருவிகளை வாங்க வேண்டும் என்ற விதி அமலில் இருக்கிறது.

சரி, 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் ஸ்பீடு வரலையா? லேப்டாப்பை லேன் கேபிளில் செருகி டெஸ்ட் போடுங்க. 95-ஐத் தாண்டவே இல்லை என்றால், கேபிளும் லேப்டாப்பும் சரியாக இருக்கும்பட்சத்தில், உங்கள் பாக்ஸில் இருப்பது பழைய 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருக்கலாம். பிளானை மாற்றாதீங்க, பாக்ஸை மாற்றித் தரச் சொல்லுங்க.