புள்ளி போன எழுத்து

பேக்கரி பன்னைப் பிய்த்துப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். அது ஈஸ்ட் செய்த வேலை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்றுவிட்டு அது விட்ட கரியமில வாயுதான் அந்த ஓட்டைகள். ஈஸ்ட் காளானுக்குச் சொந்தம். உடம்பு முழுவதும் ஒரே ஒரு செல்தான். சாப்பாடும் கதகதப்பும் கிடைத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிவிடும்.

இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் அது தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்தில் எழுதிய புத்தகம் அது. ஈஸ்ட்டின் புத்தகத்தில் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் எழுத்துகள். நம்முடையதில் ஒரு தொகுப்புக்கே 300 கோடி.

இந்த எழுத்துகள் செல்லுக்குள் உதிரியாக மிதந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் உண்டு. வாலில் மூன்று மணிகள்; அவற்றுக்குப் பாஸ்பேட் என்று பெயர். எழுத்தைக் கோக்கும் நொதி, வால் நுனியிலுள்ள இரண்டு மணிகளை உடைத்து, அதில் கிடைக்கும் விசையில்தான் எழுத்தைச் சங்கிலியில் ஒட்டுகிறது. மூன்று மணி இருந்தால் உள்ளே வரலாம். ஒரே மணி என்றால் அந்த எழுத்து ஒட்டாது.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘பல்’ என்று எழுதி, புள்ளி வைக்க மறந்தால் என்ன ஆகும்? ‘பல’ ஆகிவிடும். வாயிலிருந்த பல் காணாமல் போய்விடும்! ஏ என்ற எழுத்துக்கும் அப்படி ஒரு புள்ளி இருக்கிறது. ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னக் கொத்து அது. அது கழன்று, அந்த இடத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்தால் ஏ என்பது ஐ ஆகிவிடும். ஐ என்றால் இனோசின். தவிர, புதிய எழுத்துகளைத் தயாரிக்கும்போது பாதி வழியில் வருவதும் இதே ஐதான். சில சமயம் அந்த அரைகுறைக்கும் தவறுதலாக மூன்று மணி வால் முளைத்துவிடும். கோக்கும் நொதி ஏமாந்து அதையும் கோத்துவிட்டால், அடுத்த முறை படியெடுக்கும்போது அதை ஜி என்று படித்துவிடும்.

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான். அவனும் ஒரு நொதிதான்; ஈஸ்ட்டில் அவன் பெயர் ஹாம்1. நம் உடலில் ஐடிபிஏஸ். ஊர் வேறு, குடும்பம் ஒன்று. போன புள்ளியைத் திரும்ப வைக்க அவனுக்குத் தெரியாது. நைந்த எழுத்தைக் கண்டால் ஒரு நீர் மூலக்கூறின் உதவியோடு வாலில் இரண்டு மணிகளை நறுக்கிவிடுவான். அவ்வளவுதான், அந்த எழுத்தை இனிக் கோக்க முடியாது. பழுது பார்ப்பதைவிட இது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

ஹாம்1 இல்லாத ஈஸ்ட் சாதாரண நாளில் நன்றாகவே வாழ்கிறது. ஆனால் ஏ மாதிரியே வேடம் போட்ட ஒரு போலி எழுத்தைக் கலந்து கொடுத்தால் தடுமாறுகிறது, பிழைகள் குவிகின்றன. அந்த நொதியின் மரபணுவை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டதே இந்தச் சோதனையால்தான்.

பாலூட்டிகளிடம் விளைவு கடுமையானது. இந்த நொதி இல்லாமல் பிறந்த சுண்டெலிக் குட்டிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் கவனித்தார்கள். குட்டிகள் சரியாக வளரவில்லை. இரண்டு வாரத்துக்குள் இறந்துபோயின. காரணம் இதயத்தில் இருந்தது. தசை சுருங்கத் தேவையான எரிபொருள் ஏடிபி. அதுவும் மூன்று மணி வாலுள்ள ஏதான்! அந்த இடத்தில் ஐடிபி, அதாவது மூன்று மணி வாலுள்ள ஐ, கலந்ததால் இதயம் ஒழுங்காகச் சுருங்கவில்லை.

மனிதர்களில் சிலருக்கு இந்த நொதி சோம்பேறி. அதன் மரபணுவில் 94-ஆவது எழுத்து சி இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கிறது. எழுத்துப் பிழை பிடிப்பவனின் பெயரிலேயே எழுத்துப் பிழை! சுண்டெலி போல இவர்களுக்கு ஆபத்து இல்லை. சிவப்பணுக்களில் ஐடிபி கொஞ்சம் சேரும், அவ்வளவே. 2010-இல் ஒரு வேடிக்கை தெரியவந்தது. கல்லீரல் அழற்சிக்கு ரிபாவிரின் என்ற மருந்து சாப்பிட்டால் பலருக்கு ரத்தசோகை வரும். சோம்பேறி நொதிக்காரர்கள் பெரும்பாலும் அதிலிருந்து தப்பித்தார்கள்.

இந்த வால் நறுக்கும் கூட்டத்தில் இன்னொருவன் டியுடிபிஏஸ். அவன் இல்லாவிட்டால் ஈஸ்ட்டும் பிழைக்காது. அவன் நறுக்குவது யு என்ற எழுத்தின் வாலை. ஆர்என்ஏவில் யு இருக்கலாம், டிஎன்ஏவில் கூடாது. டிக்கும் யுவுக்கும் வித்தியாசம் ஒரு கரியும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் மட்டுமே. கோக்கும் நொதிக்கு அது கண்ணில் படாது. யு நிறைய நுழைந்துவிட்டால் பழுது பார்ப்பவர்கள் அதை வெட்டுவார்கள், அந்த இடத்தில் திரும்பவும் யு வந்து உட்காரும், மறுபடி வெட்டுவார்கள். வெட்டி வெட்டியே டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும்.

வால் போன யுவை செல் குப்பையில் போடுவதில்லை. அதற்கு ஒரு மெத்தில் சூட்டி, வாலையும் திரும்ப வளர்த்து, டி ஆக்கிக்கொள்கிறது.