பாட்டி ஆக்கப்பட்ட பாடகி

இளம்பெண் ஒருத்தி மேடையேறித் தன் மனத்திலுள்ளதைத் தன் குரலில் பாடுவதைச் சமூகம் எவ்வளவு தூரம் பொறுக்கும் என்ற கேள்வியைத் தமிழ் அரங்கில் அழுத்தமாக எழுப்பிய பிரதிகளுள் ஒன்று, கவிஞர் இன்குலாப் எழுதி, அ. மங்கையின் நெறியாள்கையில் 1990களின் இறுதியில் மேடையேறிய ‘ஔவை’ ஆகும். கோலூன்றி நீதி சொல்லும் மூதாட்டியை விலக்கிவிட்டு, சங்கப் பாடல்களில் தென்படும் விறலியை, அதாவது பாணர் கூட்டத்தோடு ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் வாழ்ந்த கலைஞர் மரபுப் பெண்ணை, இந்நாடகம் முன்னிறுத்தியது. அதியமானோடு கள்ளருந்தியும், தொண்டைமானிடம் தூது சென்றும், காதல் வேட்கையை ஒளிக்காமல் பாடியும் வாழ்ந்த அந்த ஔவையின் பெயரில் சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் உள்ளன.

பிற்காலத்து ஔவையார்களும் அவளோடு கலந்து ஒருவராகிவிட்ட பின்னர் எழுந்த கதையோ, மணவினைக்கு அஞ்சிய கன்னி பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றாள் என்கிறது. தனியே நடக்கவும் நினைத்ததைப் பேசவும் ஒரு பெண் கொடுக்க வேண்டியிருந்த விலை அவளது இளமை என்பதையே, பக்தி பூசிய இக்கதை தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிறது.

1953இல் ஜெமினி நிறுவனத்தின் ‘ஔவையார்’ படத்தில் அம்மூதாட்டியாக நடித்த கே. பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையும் இதையொட்டியே அமைந்தது வியப்புக்குரியது. 1908இல் பிறந்த அவர், கொச்சிக்கடையை அடுத்த ஜிந்துப்பிட்டி தமிழ் நாடகக் கொட்டகைக்குப் பேர்போன இடமாக விளங்கிய அந்நாளில், இளம் பாடகியாகக் கொழும்புக்கு வந்து, 1926இல் எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நடித்துப் புகழ் பெற்றார். 1933இல் தன் கணவரான கிட்டப்பாவை இழந்தபின் வெள்ளையுடுத்தி, ஆண்களோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அதன்பின் திரையில் அவர் ஏற்றவற்றுள் நந்தனார் என்னும் ஆண் வேடமும் ஔவை என்னும் பாட்டி வேடமும் அடங்கும்.

மின்கிற்றாரும் டிரம்ஸும் உரத்த குரலும் கூடிய ரொக் இசையிலும் இதே கணக்குத்தான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ‘பிகினி கில்’ குழுவின் பாடகி கத்லீன் ஹன்னா, ஆண்களின் தள்ளுமுள்ளில் ஓரங்கட்டப்பட்ட பெண்களை மேடையருகே வரும்படி அழைக்க வேண்டியிருந்தது. 2012 டிசெம்பரில் காஷ்மீரின் ஸ்ரீநகரில் நடந்த இசைப் போட்டியொன்றில் வாசித்த பாடசாலை மாணவியர் மூவரின் ‘பிரகாஷ்’ என்ற ரொக் குழு, இணையவழி மிரட்டல்களும் தலைமை முஃப்தியின் கண்டனமும் வந்ததால் 2013 பெப்ரவரியில் கலைந்தது. அவர்களுக்கு முதுமை வரம் தரப் பிள்ளையார் எவரும் வரவில்லை. கிற்றாரைக் கீழே வைப்பதே வழியாயிற்று.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் தேடும் கொழும்புப் பெண்கள் பாடசாலை ஆசிரியர்கள், இன்குலாபின் பிரதியை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். நரைமுடி ஒட்டாமலே ஔவையாக நிற்கக்கூடிய மாணவியர் அவர்களது வகுப்பறைகளிலேயே இருக்கிறார்கள்.