சிங்கத்துக்குப் பிடிக்காத பௌர்ணமி

"சிங்கம் நாள் முழுக்கத் தூங்குமாமே, அப்புறம் என்ன பெரிய காட்டு ராஜா?"ன்னு போன வாரம் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அதையே இந்த எபிசோடா எடுத்துக்கிட்டேன்.

அவர் சொன்னது உண்மைதான். சிங்கம் ஒரு நாளில் கிட்டத்தட்ட 20 மணி நேரம் படுத்தே கிடக்கும். அதுக்குக் காரணம் இருக்கு. சிங்கத்தால் வேகமா ஓட முடியும், ஆனா ரொம்ப தூரம் ஓட முடியாது. சீக்கிரமே மூச்சு வாங்கிடும். அதனால் இரைக்குத் தெரியாம சுமார் 30 மீட்டருக்குள்ள பதுங்கிப் போய், அங்கிருந்துதான் பாயணும். அப்பவும் கேரண்டி கிடையாது. 1960களின் கடைசியில் செரங்கெட்டியில் ஜார்ஜ் ஷாலர் கவனிச்சப்போ, தனியா வேட்டையாடிய சிங்கத்துக்கு ஏறக்குறைய ஆறு முயற்சிக்கு ஒண்ணுதான் பலிச்சது. கூட்டமாப் போனா மூணுக்கு ஒண்ணு.

பதுங்குவதற்குப் புல்லும் புதரும் உதவும். எல்லாத்தையும்விட உதவுவது இருட்டு. நிலா வெளிச்சம் இருந்தா சிங்கம் வர்றது வரிக்குதிரைக்குத் தெரிஞ்சிடும். கிரெய்க் பாக்கர் குழுவினர் தான்சானியாவில் சிங்கங்களோட வயிறு எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு பல வருஷம் பார்த்துக் குறிச்சு வெச்சாங்க. நிலா பிரகாசமா இருக்கும் நாட்களில் அதுங்களுக்குச் சாப்பாடு குறைவு.

இங்கதான் விஷயம் சீரியஸாகுது. 1988 முதல் 2009 வரை தான்சானியாவில் மனிதர்கள் மேல் நடந்த சுமார் 500 சிங்கத் தாக்குதல்களை, அதே குழு நிலாவோட நாட்களோட பொருத்திப் பார்த்தது. 2011-ல் முடிவு வெளியாச்சு. பௌர்ணமி முடிஞ்ச அடுத்தடுத்த நாட்களில்தான் தாக்குதல் அதிகம். அதுவும் பெரும்பாலும் பொழுது சாய்ஞ்சு ராத்திரி 10 மணிக்குள்ள.

ஏன் அப்படி? வளர்பிறையில் சூரியன் மறையும்போதே நிலா வானத்தில் இருக்கும். தேய்பிறையில் நிலா தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல தாமதமா உதிக்கும். அப்போ முன்னிரவு கும்மிருட்டு. ஆனா மக்கள் இன்னும் தூங்கப் போகலை, வெளியே நடமாடிட்டிருப்பாங்க. சிங்கமோ பௌர்ணமி நாட்களில் அரைவயிறாக் கிடந்துட்டு வருது.

தெற்குத் தான்சானியாவில் காட்டுப்பன்றிகிட்ட இருந்து பயிரைக் காப்பாத்த, அறுவடை நேரத்தில் விவசாயிகள் வயலிலேயே குடிசை போட்டுப் படுப்பாங்க. அந்தப் பன்றியைத் தேடிச் சிங்கமும் வரும். காவலுக்குப் போகாம இருந்தா பயிர் போகும், போனா உயிருக்கே ஆபத்து. அவங்களைப் பொறுத்தவரை பௌர்ணமி ராத்திரி ஓரளவு நிம்மதி. பயப்பட வேண்டியது மறுநாள் சாயங்காலத்தில் இருந்துதான்.