ஆயில் எஞ்சின் நின்றால்

மின்சார மோட்டார் பெருகிவிட்ட இந்நாளிலும், மின் இணைப்புக் கிட்டாத தோட்டங்களில் 5 குதிரைத் திறன் டீசல் எஞ்சினே விவசாயிக்குக் கைகொடுத்து வருகிறது. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் அது நின்றுவிட்டால் அவர் படும் பாடு சொல்லுந்தரமன்று. அவசரத்தில் ஸ்பேனரை எடுத்துக் கண்ட மறைகளையெல்லாம் கழற்றுவோரும் உளர். இது வேண்டாத வேலை. நின்றுபோன எஞ்சின்களில் பல, உடைந்து நின்றவை அல்ல. எண்ணெயோ காற்றோ கிட்டாமல் நின்றவையே என்பதைக் கிராமங்களைச் சுற்றி வருகையில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

டீசல் எஞ்சினில் பொறி எழுப்பும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அமுக்கும்போது அக்காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. நாசில் தூவும் எண்ணெய் அச்சூட்டில் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே எண்ணெய், காற்று, அமுக்கம் இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் கிளம்பாது.

எண்ணெய் அடியோடு தீர்ந்து நின்றிருப்பின், டாங்கியை மீண்டும் நிரப்பினால் மட்டும் போதாது. குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். பில்டரின் தலையிலுள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்துங்கள். நுரையுடன் எண்ணெய் வரும். குமிழி அற்றுத் தெளிந்த எண்ணெய் வரும்போது திருகை முடுக்கிவிட வேண்டும். பின்னர் எண்ணெய்ப் பம்பின் திருகையும் அவ்வாறே செய்க. இப்பொழுது கைப்பிடியைச் சுற்றினால் நாசில் 'கிரீச்' என ஒலிக்கும். அவ்வொலி கேட்டும் எஞ்சின் கிளம்பாவிடில், காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அமுக்க நெம்புகோலை இறக்கிய பின்னும் கைப்பிடி தடையின்றிச் சுழலுமாயின் வால்வோ ரிங்கோ கெட்டிருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. நாசிலைக் கழற்றுவதும் அவருடையதே. அதிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும் வேகம் உடையது.

ஓடும் எஞ்சினின் நிலையைப் புகை காட்டிவிடும். கரும்புகை வந்தால் காற்றுக் குறைவு, அல்லது பளு மிகுதி. நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது என்று பொருள்.

கண்ணுக்குத் தெரியாத புகையே உயிருக்கு உலை வைப்பது. பம்பு ஏறக்குறைய 7 மீட்டர் ஆழத்திலிருந்துதான் நீரை உறிஞ்சும். ஆதலால் கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றோட்டமற்ற கிணற்றில் அது தேங்கி, இறங்கியவரை மயக்கிக் கொன்றுவிடும். தூக்கப் பதறி இறங்குபவரும் அவ்விடத்திலேயே வீழ்வார். தத்தம் வார்டில் இவ்வாறு எஞ்சின் இறக்கிய கிணறு உளதா என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் கோடைக்கு முன்பே விசாரித்து, அதை மேலேற்றச் செய்ய வேண்டும். எவரேனும் உள்ளே மயங்கி விழுந்துவிட்டால் வேறு யாரையும் இறங்கவிடாமல் 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்திற்கு உடனே தெரிவியுங்கள்.